தங்கையின் வகுப்பில் என் குரல்

1

நேற்று நான் வேலை பார்க்கும் கடையில் ஒரு குழந்தையைக் காணவில்லை.

நியூசிலாந்தின் தென்கோடியில், டனீடன் என்ற ஊரில் இருக்கிறேன். பெரிய பலசரக்குக் கடை. அதில் ரொட்டிப் பிரிவு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தாய் கூடையைக் கீழே போட்டுவிட்டு, மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாக ஓடினாள். அறிவிப்பு மைக் முன்வாசல் மேஜையில் இருக்கும். அங்கே உட்காரும் பெண் தேநீருக்குப் போயிருந்தாள். மைக்கை எடுக்க எல்லோரும் தயங்கினார்கள். நான் போய் எடுத்தேன்.

"எல்லோரும் அப்படியே நில்லுங்கள். வண்டியைத் தள்ளாதீர்கள். உங்கள் பக்கத்தில், கீழே பாருங்கள். மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பையன்."

ஆங்கிலத்தில் இவ்வளவுதான் சொன்னேன். கடை முழுக்க நின்றுவிட்டது. குளிர்பெட்டிகளின் உறுமல் மட்டும் கேட்டது. நாய்த் தீவன மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருந்த பையனை ஒரு முதியவர் தூக்கிக் காட்டினார்.

மேலாளர் என்னைவிட வயதில் இளையவர். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "மெஹர், இத்தனை வருஷமாக இந்தக் குரலை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"போன வருஷம்தான் திரும்பக் கிடைத்தது" என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். எங்கே, யாரால் கிடைத்தது என்று ரொட்டி அடுக்குகளுக்கு நடுவில் நின்று அவருக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்லலாம்.

2

எங்கள் அத்தா கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பெண்கள். நான் மூத்தவள், மெஹருன்னிசா. என்னைவிட ஆறு வயது இளையவள் நசீமா. இருவரும் கணக்குப் படித்தோம், இருவரும் ஆசிரியை ஆனோம். நான் பழனியில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். நான் பாடம் எடுத்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள். நசீமாவுக்கு அடங்கிய குரல். அவள் பேசும்போது பிள்ளைகள் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள், இல்லையென்றால் கேட்காது.

கல்யாணமாகி சலீமோடு இங்கே வந்தேன். அவர் எலக்ட்ரீஷியன். அவருடைய சான்றிதழ்களை வாங்கிப் பார்த்து, ஒரு பரீட்சை வைத்து, வேலைக்கு விட்டுவிட்டார்கள். என் சான்றிதழ்கள்தான் நகரவில்லை. நான் படித்த பாடத்திட்டத்தை வரிக்கு வரி பல்கலைக்கழக முத்திரையோடு கேட்டார்கள். பல்கலைக்கழகம், அந்தப் பாடத்திட்டம் மாறி ரொம்ப நாளாயிற்று, புதியது வேண்டுமானால் தருகிறோம் என்றது. பழையதைத் தேடி எடுத்து அனுப்புவதற்குள் நான் எழுதிய ஆங்கிலப் பரீட்சை காலாவதியாகிவிட்டது. மறுபடி எழுதினேன். அதற்குள் போலீஸ் சான்றிதழ் பழசாகிவிட்டது. நடுவில் ஆயிஷா பிறந்தாள், பிறகு இம்ரான். குழந்தைக்கு ஊசி போடும் நாளும் ஆவணம் அனுப்பும் கடைசி நாளும் ஒன்றாக வந்தால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அடுப்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று அன்றைய மேற்பார்வையாளர் விளக்கினார். நான் கையைத் தூக்கி, "எனக்கு ஒரு டவுட்" என்றேன். அந்தம்மாள் முகம் சுருங்கிவிட்டது. அவர் சொல்வதை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை இங்கே ஆளைச் சந்தேகப்படுவதாகிவிட்டது. அதன் பிறகு ரொம்ப நாள் எதையும் கேட்பதில்லை என்று இருந்தேன். கேட்காத ஆளுக்குப் பேச்சும் குறைந்துவிடும். வீட்டில் நான் தமிழில் சொல்வேன், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். சாப்பிடுறியா, குளிச்சியா, சட்டையை மடிச்சு வை. என் தமிழ் அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது.

3

போன வருஷம் செப்டம்பரில் நசீமாவுக்கு மதுரையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல்நாணுக்குப் போகும் நரம்பு அசந்துவிட்டது. இப்படி நடக்கக்கூடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நரம்பு தானாகத் தேறலாம், ஆறு மாதமும் ஆகலாம், அதுவரை குரலைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் அழைத்தார்கள். நசீமா கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். பேசியது அவள் கணவர் சிக்கந்தர். அத்தாவின் கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார்.

"வாயத் தொறந்தா காத்துதான்க்கா வருது. பக்கத்துல காதை வச்சாத்தான் கேக்கும். பேசாதடின்னா கேக்க மாட்டேங்கிறா. ஸ்கூல் சோலிதான் அவளுக்குப் பெருசா இருக்கு."

நசீமா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தட்டச்சு செய்தாள். "பிளஸ் டூ பிள்ளைங்க. மார்ச்சில் பரீட்சை. வேற ஆள் தேடுறாங்க."

அவள் வேலை பார்ப்பது சிறிய பள்ளி. அவளுடையது நிர்வாகம் போட்ட பணி, அரசுச் சம்பளம் கிடையாது. நீண்ட விடுப்பு என்றால் இன்னொருவர் வருவார், வந்தவர் அப்படியே இருந்துவிடுவார். பாதி வருஷத்தில் மலைக்கு மேலே கணக்கு ஆசிரியர் கிடைப்பதும் எளிதல்ல. கீழேயிருந்து வருகிறவர்கள் முதல் குளிரிலேயே இறங்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் சிக்கல்.

"என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறாள் போல. திரையில் எழுத்து வந்தது: "நான் போர்டுல எழுதுறேன். நீ அங்கேருந்து பேசு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் பாடம் எடுத்துப் பல வருஷம் ஆச்சுடி. எல்லாம் மறந்து கெடக்கு."

"நான் சொல்லித் தர்றேன்" என்று எழுதினாள்.

தலைமையாசிரியை பிலோமினா சிஸ்டர் என்னோடு தனியாகப் பேசினார். "மிஸஸ் மெஹர், ஐ வில் பி ஃபிராங்க். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. கோவிட் சமயத்துல ஆன்லைன் கிளாஸ் வச்சு நாங்க பட்ட பாடு போதும். ஆனா நசீமா மாதிரி டீச்சரை விடவும் மனசில்ல. ஹாஃப் இயர்லி வரைக்கும் பாருங்க. அப்புறம் பேசிக்குவோம்."

நேரம் மட்டும் எங்களுக்குத் தோதாக அமைந்தது. அங்கே காலையில் முதல் பீரியட் தொடங்கும்போது இங்கே சாயங்காலம் ஐந்து மணி. ரொட்டி வேலை மத்தியானமே முடிந்துவிடும். சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்து, பின்னால் தெரிந்த மசாலா டப்பாக்களை ஒரு துணியால் மறைத்து, புடவை கட்டி உட்கார்ந்தேன். பல வருஷத்துக்குப் பிறகு பெருநாள் அல்லாத ஒரு நாளில் புடவை.

4

முதல் வகுப்பு படுதோல்வி.

வகுப்பறைச் சுவரில் பெரிய திரை. அதில் என் முகம். கரும்பலகைக்கு எதிரே முக்காலியில் ஒரு போன், அதன் வழியாகத்தான் எனக்கு வகுப்பு தெரியும். அது சரிந்து, முதல் பத்து நிமிடம் எனக்குத் தெரிந்தது கூரையும் டியூப் லைட்டும்தான். நான் டியூப் லைட்டைப் பார்த்துக் கலப்பெண்களை விளக்கினேன். "புரியுதா?" என்றால் கோரஸாக "புரியுது டீச்சர்" என்று வந்தது. அது எந்த வகுப்பிலும் வருகிற சத்தம். அதற்கு அர்த்தம் கிடையாது.

பிறகு ஒரு பக்கமிருந்து சிரிப்பு. எக்ஸ் ஈக்வல் டு டென் என்று நான் சொன்னது அவர்களுக்கு 'டின்' என்று கேட்டிருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பேனாவை பின் என்பார்கள், பத்தை டின் என்பார்கள். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது எனக்கே தெரியாது. "எத்தனை டின் டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்க, வகுப்பே உருண்டது. நான் விடாமல், சத்தத்தைக் கூட்டி, வேகத்தையும் கூட்டி, பாடத்தை முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் நசீமாவிடமிருந்து செய்தி வந்தது. "நான் ரெண்டாவது வரி எழுதும்போது நீ ஆறாவது வரியில இருக்க. டஸ்டரை வச்சுப் பலகையில அடிச்சேன், உனக்குக் கேக்கல. நீ எனக்காகப் பேசல. உனக்காகப் பேசுற."

எனக்குக் கோபம் வந்தது. ரொட்டிக் கடையில் நின்ற காலோடு வந்து உனக்காக உட்கார்ந்தால் இதுதான் பேச்சா என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வகுப்புப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். திரையைப் பொருத்த உதவிக்கு வந்திருந்த சிக்கந்தர் தன் போனில் ஓரமாக நின்று எடுத்தது. திரையில் நான் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். என் தங்கை சாக்பீஸோடு என் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒரு இடத்தில் திரும்பி, கை கூப்புகிற மாதிரி என்னிடம் சைகை காட்டுகிறாள். நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மறுநாள் பாடத்தை முந்தின நாளே இருவரும் நடத்திப் பார்த்தோம். அவள் எழுதிக் காட்டுவாள், நான் சொல்லிப் பார்ப்பேன், எந்த இடத்தில் பிள்ளைகள் சறுக்குவார்கள் என்று அவள் தட்டச்சு செய்வாள். கேமராவை அவள் மேஜையிலேயே கயிறு போட்டுக் கட்டினாள். சாக்பீஸால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் நான் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் திரும்பச் சொல்ல வேண்டும். பலகையின் வேகம்தான் வகுப்பின் வேகம். நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. அந்த மௌனத்தில்தான் அவள் ஒரு பிள்ளையின் நோட்டுக்குப் போய், தவற்றைச் சுட்டிக் காட்டி, தோளைத் தட்டிவிட்டு வருவாள். நான் செய்ய முடியாதது அது.

பிள்ளைகள் எனக்கு 'அக்கா டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். டீச்சரோட அக்கா என்பதால்.

5

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பழனி போகிற ரோட்டில் மண் சரிந்து, வடகவுஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் இல்லாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். இங்கே எங்களுக்கு வசந்தம். என் ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில். திரையில் கொடைக்கானல் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி. வராதவர்களுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். நசீமா தலையை ஆட்டி மறுத்தாள். நான் இருக்கிற அதே இணைப்பில் அவர்களையும் கூப்பிடச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக, சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் வந்தார்கள். அடுப்படி, மாட்டுக் கொட்டகை, போர்வைக்குள் இருட்டாக ஒரு முகம்.

இப்போது வகுப்பு மூன்று இடத்தில். அறையில் இருப்பவர்களை நசீமா பார்த்துக்கொள்வாள். வீட்டில் இருப்பவர்களை அவளால் கூப்பிட முடியாது, குரல் வேண்டும். அது என் பொறுப்பாயிற்று. முதல் நாள் நான் வழக்கம்போல் அறையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன். கட்டங்களை மறந்தே போனேன். நசீமா ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பலகையில் பெரிதாக எழுதினாள்: "வீட்டுல இருக்கிறவங்க முதல்ல."

அதுவே விதியாயிற்று. கேள்வி கேட்டால் முதலில் தூரத்தில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும், பிறகுதான் அறை.

பவித்ரா என்று ஒரு பெண். வடகவுஞ்சியில் பீன்ஸும் பூண்டும் போடுகிற குடும்பம். அறையில் இருந்தவரை அவள் வாய் திறந்ததே இல்லை. வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் தோட்டத்து மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குடை மேல் மழை விழுகிற சத்தத்தோடுதான் அவள் குரல் வரும்.

"பவித்ரா, புரியுதாம்மா?"

"இல்லங்க டீச்சர்."

அந்த வகுப்பில் நான் கேட்ட முதல் 'இல்லை' அது.

"எங்க புரியல?"

"மொதல்லேருந்தே புரியலங்க. எல்லை, எல்லைங்கிறீங்களே, எக்ஸ் அங்க போய்ச் சேருமா, சேராதா? சேராதுன்னா அப்புறம் எதுக்கு அந்த விடையப் போடுறோம்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தட்டு. நசீமா அறையைப் பார்த்து, 'உங்களில் எத்தனை பேருக்கு இதே கேள்வி?' என்று விரலாலேயே கேட்டாள். கொஞ்சம் தயங்கி, ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில், அன்று எத்தனை டின் என்று கேட்ட கார்த்திக் உட்பட, முக்கால்வாசிப் பேர்.

அன்று முழு வகுப்பும் அந்த ஒரு கேள்வியிலேயே போயிற்று. சாக்பீஸை எடுத்து நசீமா சுவரை நோக்கி நடந்தாள். பாதி தூரம், அதில் பாதி, அதில் பாதி. நான் இங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். சுவரைத் தொடாமலே அவள் எங்கே போகிறாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது. கதவருகே சிஸ்டர் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு, "நல்லாத்தான் போகுது" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில், தங்கும் விடுதி வைத்திருக்கிற ஒருவர், "ஒரு டீச்சர் பேச முடியாது, இன்னொரு டீச்சர் நேர்ல வர முடியாது. ரெண்டு அரையச் சேத்தா ஒண்ணாகிடுமா சிஸ்டர்? எங்க பிள்ளைங்க வாழ்க்கைல ஏன் பரீட்சை பண்றீங்க?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். நசீமா எழுந்து நின்றாளாம். ஆனால் அவ்வளவு பேர் நடுவில் காற்றுக் குரலில் என்ன சொல்ல முடியும்? உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் அழுததைச் சிக்கந்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அரையாண்டில் இரண்டு பேர் தவறினார்கள். முந்தின வருஷமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிஸ்டர் அந்த விடுதிக்காரரைக் கூப்பிட்டு மதிப்பெண்ணைக் காட்டினார். மார்ச் வரை தொடரட்டும் என்று முடிவாயிற்று.

6

இந்தப் பக்கம் என் வீட்டில் ஒன்று நடந்தது.

ஆயிஷாவுக்குப் பதினாறு வயது. நான் வகுப்பெடுக்கும் நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். டிசம்பரில் ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்தவள், குவளையோடு அப்படியே நின்றுவிட்டாள். வகுப்பு முடிந்ததும், "அம்மா, நீங்க வேற யாரோ மாதிரி இருக்கீங்க" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

"எப்படி?"

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி."

அவளுக்கு நிகழ்தகவில் ஏதோ தகராறு. மறுநாள் கேமராவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் உள்ளே வந்துவிட்டாள். பிள்ளைகள் அவளைப் பார்த்ததும், "அக்கா டீச்சர், உங்க பொண்ணா? தமிழ் தெரியுமா?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

"தெரியும்" என்றாள் ஆயிஷா, ரோஷமாக. பிறகு, அவர்கள் அடிக்கடி சொல்வதைக் கேட்டுப் பிடித்துவைத்திருந்த சொல்லை எடுத்து வீசினாள்: "உங்க ஊர்ல இன்னைக்கு மழை கெடக்கா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆயிஷா முகம் சிவந்துபோனது. எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அதற்குள், ரோடு திறந்து அறைக்கே திரும்பிவிட்டிருந்த பவித்ரா எழுந்தாள். "மழை பெய்யுதுன்னு சொல்லணும். பனிதான் கெடக்கு. வெள்ளனே வந்தோம், ஒண்ணும் கண்ணு தெரியல."

"பனி கெடக்கு" என்றாள் ஆயிஷா.

"ஆங், அதுதான்."

வாரத்தில் இரண்டு நாளாவது ஆயிஷா வந்து உட்கார்ந்தாள். பவித்ரா அவளுக்குத் தமிழ் சொன்னாள், அவள் பவித்ராவுக்கு ஆங்கிலத்தில் பேசப் பழக்கினாள். வீட்டில் இப்போது சில பதில்கள் எனக்குத் தமிழில் வருகின்றன. எல்லாம் அல்ல. கோபம் வந்தால் இன்னும் ஆங்கிலம்தான். சலீமுக்கு ஒரே குறை. "இப்பல்லாம் நீ உப்புக் கேட்டாக்கூடக் கடைசி பெஞ்சுக்குக் கேக்குற மாதிரி கேக்குற" என்கிறார்.

பழைய சான்றிதழ்க் கட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஆசிரியர் பதிவுக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை இடைவெளி ஆண்டுகளைப் பற்றிக் கேட்ட இடத்தில் எழுத என்னிடம் ஒன்று இருந்தது. சிஸ்டர் சான்று அனுப்பினார். பாடத்திட்டத்தை மறுபடி கேட்டிருக்கிறார்கள், அனுப்பியிருக்கிறேன். நடக்கட்டும்.

7

பரீட்சை முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் எல்லோரும் தேறினார்கள், அரையாண்டில் தவறிய இருவரும். பவித்ரா திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். விடுதிக்காரரின் மகன் அவள் அளவுக்கு வாங்கவில்லை என்றாலும் நன்றாகவே வாங்கினான். இந்த வருஷமும் மழையில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளியில் திரை ஒளிர்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது பிப்ரவரியில் நடந்தது.

ஜனவரியிலிருந்தே நசீமாவுக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு மதுரை போய் வந்தாள். வீட்டில் பேசினாள். கரகரவென்று, பழைய குரல் போல் இல்லாமல், நடுவில் உடைந்து உடைந்து வரும். டாக்டர், இனி வகுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். அவள் பேசவில்லை. ஏன் என்று போனில் கேட்டேன்.

"பிள்ளைங்க சிரிக்கும்க்கா" என்றாள். "பெரிய ஆம்பள தொண்டை கட்டுன மாதிரி இருக்கு. நீயே சொல்லு. பரீட்சை முடியட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், வற்புறுத்த எனக்கு ஆசையும் இல்லை. நாள் முழுக்க ரொட்டிக்கு விலைச்சீட்டு ஒட்டும்போது மனசு ஐந்து மணிக்குக் காத்திருக்கும். அவள் பேச ஆரம்பித்துவிட்டால் நான் எதற்கு?

அன்று திருப்புதல் வகுப்பு. தொகையிடல். மலையில் நல்ல காற்று போல, இணைப்பு விட்டு விட்டு வந்தது. என் சத்தம் அங்கே போய்க்கொண்டிருந்தது, அங்கிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. படம் மட்டும் நின்று நின்று அசைந்தது. தட்டல் கேட்காததால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துப் பேசினேன்.

சைன் எக்ஸைத் தொகையிட்டால் மைனஸ் காஸ் எக்ஸ் வரும். பிளஸ் டூ படிக்கிற யாருக்கும் தெரியும். நான் மைனஸை விழுங்கிவிட்டேன். விழுங்கியதோடு நிற்காமல், அதை வைத்து எல்லைகளைப் போட்டு, உறுதியான குரலில் விடையும் சொன்னேன்.

அறையில் நடந்ததைப் பவித்ரா பிறகு சொன்னாள். பலகையில் நசீமா மைனஸோடு சரியாக எழுதியிருக்கிறாள். நான் சொல்வது வேறாக இருக்கிறது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, டஸ்டரால் அடி. எனக்கு எதுவும் வரவில்லை. பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். அக்கா டீச்சர் இவ்வளவு அடித்துச் சொல்லும்போது அதுதான் சரியாக இருக்கும் என்று முதல் பெஞ்சு ரப்பரை எடுத்தது. சரியாக எழுதியதை அழிக்க ஆரம்பித்தார்கள். பரீட்சைக்கு இன்னும் சில வாரம்தான்.

எனக்கு இங்கே, தேங்கி நின்ற சத்தமெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. தட தடவென்று தட்டல்கள். அவற்றுக்குப் பின்னால், கரகரத்து, பாதியில் உடைந்து, ஆனாலும் நிற்காத ஒரு குரல்.

"ஏலே, அழிக்காதீங்க! அக்கா தப்பாச் சொல்லுறா! மைனஸு! மைனஸு விட்டுட்டா!"

படம் தெளிந்தபோது வகுப்பில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தலை விடாமல் நசீமா பக்கம் திரும்பியிருந்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. கார்த்திக்தான் முதலில் எழுந்தான். "டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

நசீமா கையை எடுத்தாள். பலகைக்குத் திரும்பி, மைனஸைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இது ஏன் வருதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

குரல் அறுந்தது. நின்றாள். மறுபடி பிடித்தாள். அவளுக்கே உரிய நிதானத்தில், ஒவ்வொரு வரியும் எழுதி, எழுதிய வரியை வாயால் சொல்லி, அடுத்த வரிக்குப் போனாள். பழைய மாதிரியே, பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், இல்லையென்றால் கேட்காது.

தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் பக்கத்து ஒலியை நிறுத்தினேன்.

ஆயிஷா உள்ளே வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு."

"தெரியும்."

"ஏன் அழுறீங்க? யாரு பேசுறது?"

"உன் சின்னம்மா" என்றேன். "உக்காரு. பாடம் நடக்குது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தாள். நானும் ஒரு தாளை எடுத்து, என் தங்கை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.